கால் மணி நேரத்து வழி

தென்காசியில் பிறந்தவர்கள் குற்றாலத்துக்குப் போவதற்கென்று ஒரு நேரம் உண்டு. வெளியூரார் விடுதியறைகளில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கையில், கீழ்வானம் வெளுப்பதற்கு முன்னரே, துண்டும் மாற்றுடையுமாகப் புறப்படுவார்கள். பேரருவியில் தலை கொடுத்து நின்று, திருக்குற்றாலநாதர் சன்னிதியில் நீறணிந்து, முதல் வேன் வந்து நிற்பதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள். சீசன் நாளில் வெயிலேறிய பிறகு அந்தச் சாலையில் கால் வைப்பதை இவ்வூரார் ஒருவகைப் பேதைமை என்றே எண்ணுவர். குழல்வாய்மொழியும் அந்த மரபில் வந்தவள். குற்றாலத்து அம்மையின் திருப்பெயரைத் தாங்கியவள். ஆயினும், ஆடி மாதத்து நண்பகலில் அம்மையின் ஊருக்குச் செல்லும் சாலை எப்படி இருக்கும் என்பதை அவள் கண்ணால் கண்டதில்லை. அவள் பட்ட பாட்டுக்கெல்லாம் வேர் அதுவே.

தகப்பனார் தில்லைநாயகம் பிள்ளை மேலகரத்தில் கொஞ்சம் வயலும், கோயில் திருப்பணிகளில் நிறைய ஈடுபாடும் உடையவராக இருந்து மறைந்தார். மகளை மருந்தாளுநர் படிப்புப் படிக்க வைத்தார். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்த விஜயசங்கருக்கு மணம் முடித்துக் கொடுத்தார். மணமான மறு ஆண்டே, தரும அறக்கட்டளை ஒன்று நடத்தும் மருத்துவமனையில் மருந்துக் கிடங்கைப் பார்க்கும் வேலை அவளுக்கு அமைந்தது. தென்காசியில் பெரிய மருத்துவமனை; குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் கிளைகளாக இரண்டு சிறிய மருத்துவமனைகள்.

அவளோடு உடன்பிறந்தது அச்சம். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள்; தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறையும் இழுப்பாள். மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியை வெளிச்சத்தில் ஒருதரம், நிழலில் ஒருதரம் படிப்பாள். விஜயசங்கர் வாசலில் வண்டியை முடுக்கிக்கொண்டு காத்திருப்பான். "ஏட்டி, பூட்டு தேஞ்சே போயிரும். அத நிம்மதியா இருக்க விடு" என்பான். அவளும் சிரிப்பாள். சிரித்தபடியே கை மறுபடியும் பூட்டைத் தொடும்.

மூன்று மருத்துவமனைகளின் மருந்துப் பொறுப்பையும் ஒருவரிடமே ஒப்படைக்க எண்ணியிருப்பதாகவும், அவருக்கு மேலாண்மைப் பட்டம் வேண்டும் என்றும் அறக்கட்டளையார் அறிவித்தபோது, குழல்வாய்மொழி தயங்கித் தயங்கித்தான் விண்ணப்பித்தாள். திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வார இறுதி வகுப்பு. தன்னினும் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள் நடுவே அமர்ந்து செயல்பாட்டு மேலாண்மையும் சப்ளை செயினும் படிக்க வேண்டியிருந்தது. ஒரு பொருள் விளைகிற இடத்திலிருந்து வேண்டுகிற கை வரைக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே தட்டுப்படுகிறது என்பதே அப்படிப்பின் சாரம். பாசஞ்சர் ரயிலின் சன்னலோரத்தில் புத்தகத்தை விரித்தால், பாவூர்ச்சத்திரம் வருமுன்னரே சூத்திரங்கள் கண்ணில் நீந்தத் தொடங்கிவிடும். முதல் பருவத்தில் இரண்டு தடவை படிப்பை விட்டுவிடத் துணிந்தாள்.

விடாமல் பிடித்து நிறுத்தியது ஒரு வகுப்பு. கேட்பவர் எத்தனை பேர் வருவார் என்பது உறுதியில்லை. சரக்கு எப்போது வந்து சேரும் என்பதும் உறுதியில்லை. இந்த இரண்டு உறுதியின்மைக்கும் நடுவே எவ்வளவு இருப்பு வைத்தால் போதும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அதற்குப் பாதுகாப்புக் கையிருப்பு என்று பெயர் என்றார் பேராசிரியர். பிறகு சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு பயப்படணுமோ அவ்வளவு மட்டும் பயந்தாப் போதும்னு சொல்லுத கணக்கு இது" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். குழல்வாய்மொழிக்கு மட்டும் கண் கலங்கிற்று. பிறந்த நாள் முதல் கரையில்லாமல் கிடந்த ஒன்றுக்கு யாரோ கரை கட்டிக் கொடுத்ததுபோல் இருந்தது. அன்று வீடு திரும்பியவள், கதவை ஒரே ஒரு முறைதான் இழுத்துப் பார்த்தாள்.

இறுதிப் பருவத்துக்கான ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது பாம்புக்கடி மருந்து. மலையடிவாரத்து ஊர்கள் இவை. வயலும் தோப்பும் ஈரமும் உள்ள இடத்தில் அரவத்துக்கும் பங்கு உண்டு. விலையும் கூடுதல், கிடைப்பதும் அரிது என்றிருந்த அந்த மருந்து மூன்று மருத்துவமனைகளிலும் தனித்தனியே இருந்தது. செங்கோட்டையில் கேட்பாரின்றிக் காலாவதியாகும்; அதே வாரம் தென்காசியில் போதாமல் தவிப்பார்கள். உயிர் காக்க வந்த மருந்தைக் குப்பையில் கொட்டும்போதெல்லாம் பாவம் செய்வதாகவே அவளுக்குத் தோன்றும். மூன்று இருப்பையும் தென்காசியில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், குறைவான மருந்தே எல்லாருக்கும் போதும், வீணும் இராது என்று சூத்திரம் சொல்லிற்று. ஒரே ஒரு நிபந்தனைதான்: வேண்டுகிற இடத்துக்கு மருந்து விரைவாகப் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்துக்குப் படிப்பில் லீட் டைம் என்று பெயர். குற்றாலத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. பிறந்த ஊர்ச் சாலைக்கு யாரைக் கேட்பது? நீராடப் போன நாட்களில் கைக்கடிகாரத்தைப் பார்த்தே சோதித்திருந்தாள். கால் மணி நேரம் என்று எழுதினாள்.

ஆய்வு நேர்த்தி என்று பேராசிரியர் பாராட்டினார். அறக்கட்டளையாரும் ஒப்பினர். ஆனி பிறந்ததும் குற்றாலத்து மருந்தும் செங்கோட்டை மருந்தும் தென்காசி வந்து சேர்ந்தன. அதன் பின்னும் அவள் அஞ்சாமல் இல்லை. மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று அஞ்சிக் குளிர்பெட்டிக்கு இன்வெர்ட்டர் வாங்கச் சொன்னாள்; சாவி தொலைந்தால் என்ன ஆகும் என்று அஞ்சி மறுசாவி செய்வித்தாள். அஞ்சத்தக்கவை அனைத்துக்கும் அஞ்சினாள், சாலை ஒன்றைத் தவிர.

ஆடி அமாவாசை அவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இருள் பிரியுமுன் கணவனும் மனைவியும் குற்றாலம் போனார்கள். விஜயசங்கர் தன் தகப்பனாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு அருவிக்கு வந்தபோது, எண்ணெய் தேய்த்துவிடும் சிவசைலம் தன் பலகையருகே சும்மா நின்றுகொண்டிருந்தார். முப்பது வருடமாகக் குற்றாலத்தில் ஊரார் உடம்புகளைப் பிடித்துவிட்டே காலம் தள்ளுகிறவர்; தென்காசிக்காரர்கள் பலர் அவருக்கு வாடிக்கை. அமாவாசையில் எண்ணெய்க் குளியல் ஆகாது என்பதால் ஊர்க்காரர் யாரும் அவர் பக்கம் போகவில்லை.

"ஒமக்கு இன்னைக்குத் தொழில் இல்லையே அண்ணாச்சி" என்றான் விஜயசங்கர்.

"வெயில் வரட்டும். வெளியூர்க்காரவோளுக்கு அமாவாசையும் கெடையாது, அட்டமியும் கெடையாது. எல்லாத்தையும் எண்ணெயில போட்டு எடுத்துருவேன்" என்றார் சிவசைலம்.

திரும்பும் வழியில் சாரல் முகத்தில் பூவிழுவதுபோல் விழுந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் குழல்வாய்மொழி கடிகாரத்தைப் பார்த்தாள். கால் மணி நேரம். வரும் சனிக்கிழமை வாய்மொழித் தேர்வில் இதைச் சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டாள்.

விரதச் சமையல் முடித்து, மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அவள் அண்ணாந்து நின்றபோது கைபேசி அடித்தது. குற்றாலத்துக் கிளையின் செவிலி வேல்விழி.

"எக்கா, சிவசைலம் அண்ணாச்சிய நல்லபாம்பு தீண்டிட்டு. எண்ணெ பாட்டில் வைக்கிற செவுத்துப் பொந்துக்குள்ள கைய விட்டிருக்காரு. மழைக்கு அது உள்ள வந்து படுத்துருக்கு."

தென்காசிக்குக் கொண்டுவர ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். வண்டி ஊர் நுழைவு வளைவைக்கூடத் தாண்டவில்லையாம். முன்னும் பின்னும் வாகனம். அரசு மருத்துவமனைக்குப் போவதென்றாலும் அதே சாலைதான். இமை சொருகி, பேச்சுக் குழறத் தொடங்கியதும், தூக்கிக்கொண்டு கிளைக்கே திரும்பிவிட்டார்கள். இவ்வளவையும் வேல்விழி ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கைபேசியை மருத்துவர் சனோபரிடம் கொடுத்தாள்.

சனோபரின் குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானமே குழல்வாய்மொழியை அச்சுறுத்திற்று. "குழல், இனிமே அவர நகத்த முடியாது. மருந்துதான் இங்க வரணும். எவ்வளவு நேரத்துல வரும்?"

"கால் மணி நேரம், டாக்டர்" என்றாள் குழல்வாய்மொழி.

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. அது அவள் சொன்ன சொல் அன்று. ஏட்டில் எழுதி வைத்தது நாவில் வந்தமர்ந்து தானே பேசிற்று.

கிடங்குக்கு ஓடி, தென்காசிக்கென்று கொஞ்சம் நிறுத்திவிட்டு, மற்ற மருந்துப் பெட்டிகளை எல்லாம் ஒரு மஞ்சள் துணிப்பையில் அடுக்கினாள். தூள் வடிவ மருந்தாகையால் வழியில் கெடும் என்ற கவலை இல்லை. ஸ்கூட்டரை எடுத்தாள். நன்னகரம் வரை காற்றாகப் போனாள். அதற்கு அப்பால் சாலை என்று ஒன்று இல்லை. வேன்களும் கார்களும் பேருந்துகளும் ஒன்றன் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் இடுக்குகளில் ஈரத் துண்டு போர்த்தவர்கள், குழந்தையைத் தோளில் ஏற்றியவர்கள், சிப்ஸ் பொட்டலம் பிடித்தவர்கள் என்று மனிதர்கள் நிரம்பியிருந்தார்கள். இலஞ்சி வழியாகப் போகலாமா என்று ஒருவரைக் கேட்டாள். அங்கேயிருந்துதான் தாம் திரும்பி வந்ததாக அவர் சொன்னார். ஒலிப்பானை அழுத்தினாள். அவளுக்கு முன்னால் நின்ற நூறு வண்டிகளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தன.

தான் பிறந்து வளர்ந்த சாலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.  வண்டியை ஒரு பழக்கடை ஓரத்தில் சாய்த்துவிட்டு இறங்கி நடந்தாள். இரண்டு பக்கமும் தோள்கள் இடித்தன. பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். குப்பிகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்டது. உடைந்தால்? நடையை மெதுவாக்கினாள். மெதுவாகப் போனால் நேரம் போகும். விரைந்தால் உடையும்.

அப்போது கைபேசியில் பரமசிவன் அழைத்தான். வேல்விழியின் கணவன், போலீஸ் ஏட்டு. அன்று குற்றால வளைவருகே பந்தோபஸ்துப் பணி.

"எக்கா, எங்கன நிக்கிய?"

சொன்னாள்.

"நில்லுங்க, வண்டில வந்துராதிய. நடந்தே வாங்க. நானும் இங்கன இருந்து நடந்து வாரேன். ரோட்டுக்கு இடது கைப்பக்கமாவே வாங்க. பைய தலையில வச்சுக்கோங்க, அப்பந்தான் தூரத்துலயே எனக்குத் தெரியும்."

மேலும் என்னவோ சொல்ல வந்தான். இணைப்பு அறுந்தது. அத்தனை ஆயிரம் பேர் கூடிய இடத்தில் கைபேசிகள் எல்லாம் ஊமையாகிவிட்டிருந்தன.

பையைத் தலையில் ஏற்றி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். பத்தடி போயிருக்கமாட்டாள், முன்னால் நின்ற பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஒதுங்கினாள். அவளைப் பார்த்து அவள் பக்கத்தில் இருந்தவர்களும் ஒதுங்கினார்கள். ஆடி மாதம், நெற்றியில் நீறு, நனைந்த கூந்தல், தலையில் மஞ்சள் துணியில் ஒரு சுமை. ஒலிப்பானுக்கு அசையாத கூட்டம் தலைச்சுமைக்கு அசைந்தது. "சாமி காரியமா போகுது, வழி விடுங்கடே" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஒரு முதியவர் கைகுவித்தார்.

குழல்வாய்மொழிக்கு உடல் கூசிற்று. தெய்வத்துக்கு உரிய வழியைத் தான் திருடிக்கொண்டு போவதாகத் தோன்றியது. இல்லை, இது மருந்து என்று நின்று சொல்லவும் நேரமில்லை. சொன்னால் வழி மூடிக்கொள்ளுமோ என்றும் அஞ்சினாள். அம்மையே, இதை நீ பொறுத்துக்கொள் என்பதற்கு மேல் அவளால் வேண்ட முடியவில்லை. நாள்தோறும் விளக்கேற்றி ஓதும் பதிகத்தின் முதலடி நாவில் வந்தது, இரண்டாமடி வரவில்லை. முதலடியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

எதிரே, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, சாரலும் வியர்வையுமாகப் பரமசிவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். பையை வாங்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"அவரு எப்படி இருக்காரு?" என்றாள்.

"மூச்சு இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான். காக்கிச் சட்டைக்கும் கூட்டம் விலகிற்று.

கை வெறுமையானதும் அச்சம் முழுவதும் வந்து இறங்கியது. சுமை இருந்தவரை செய்வதற்கு ஒன்று இருந்தது. இப்போது நடப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. மூச்சு இருக்கு என்றால் என்ன பொருள்? மூச்சு நன்றாக இருக்கிறது என்பதா, மூச்சு மட்டுந்தான் இருக்கிறது என்பதா? வேல்விழியை அழைத்துப் பார்த்தாள். கைபேசி ஒலிக்கவே இல்லை. யாரும் இப்போது அவளுக்கு வழிவிடவில்லை. காரமசாலாப் பொரிக்கடை முன்னால் தேங்கி நின்ற குடும்பத்தைச் சுற்றிப் போகவே யுகம் ஆனதுபோல் இருந்தது.

கணக்கில் பிழை எங்கே என்று மனம் தோண்டியது. பெருக்கல் சரி; சூத்திரம் சரி; பேராசிரியர் ஒவ்வொரு வரியையும் பார்த்துக் கையொப்பம் இட்டவர்தான். ஆனால் அவர் இந்தச் சாலையைப் பார்த்தவர் அல்லர். பார்த்தவள் இவள். ஊருக்கு உள்ளேயே இருந்துகொண்டு, கூட்டம் வருமுன் நீராடித் திரும்புகிற வழக்கத்தின் திண்ணிய இருளில், விடியற்காலைச் சாலையைச் சாலை என்றே நம்பிவிட்டாள். ஓராண்டு முழுவதற்கும் அதையே விதித்துவிட்டாள். வெளியூர் மாணவன் ஒருவன் இந்த ஆய்வைச் செய்திருந்தால், விடுதியில் தங்கி, பகலில் நெரிசலில் சிக்கி, சரியான எண்ணை எழுதியிருப்பான். அந்த நினைப்பு நெருஞ்சியாய்க் குத்திற்று.

அருவியின் முழக்கம் காதில் விழுந்தது. விடியலில் இன்பமாகக் கேட்ட அதே முழக்கம் இப்போது அடித்து விரட்டுவதுபோல் ஒலித்தது.

கிளை மருத்துவமனையின் உள்ளறையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பரமசிவன் வாசலில் சுவரோரம் குந்தியிருந்தான். கட்டிலில் சிவசைலம், வலக்கை முழங்கை வரை வீங்கியிருந்தது. இமைகள் இரண்டும் முழுதும் கவிந்திருந்தன. முகமூடியோடு இணைந்த காற்றுப்பையை வேல்விழி அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தும்போது மார்பு எழுந்தது, விட்டபோது அடங்கியது. அழுத்தாமல் விட்டால் எழாது என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"மருந்து ஏற ஆரம்பிச்சாச்சு. இனி அதுவா வேலை செய்யணும். மூச்சு நிக்காம நாம பாத்துக்கிடணும்" என்றார் சனோபர். ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது ஒரு தண்டனையாகவாவது இருந்திருக்கும்.

வேல்விழியின் விரல்கள் சோர்ந்ததும் குழல்வாய்மொழி காற்றுப்பையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். அழுத்து, விடு. அழுத்து, விடு. பூட்டை நம்பாத கைகள் அவை. ஒவ்வொரு முறையும் மார்பு எழுகிறதா என்று பார்த்தாள். எழுந்த பின்னும் எழுந்ததா என்று ஐயுற்றாள். சனிக்கிழமைத் தேர்வு எங்கோ வேறொருத்திக்கு நடக்க இருப்பதாகத் தோன்றியது. கை சோர்ந்தபோது வேல்விழி வாங்கிக்கொண்டாள். அவள் சோர்ந்தபோது இவள். நடுவில் சனோபர் இன்னொரு தவணை மருந்தை ஏற்றினார். வெளியே சாரல் ஒருமுறை வலுத்து ஓய்ந்தது. 

வெயில் சாய்ந்த வேளையில், பையை அழுத்தும் கைக்கு எதிராக ஏதோ ஒன்று தள்ளுவதை அவள் உணர்ந்தாள். மார்பு அவளுக்கு முன்பே எழ முயன்றது. "டாக்டர்" என்றாள்.  சனோபர் பார்த்துவிட்டு, பையை மெல்ல விடச் சொன்னார். விடுவதற்கு அவள் கை இணங்கவில்லை. வேல்விழிதான் விரல்களைப் பிரித்தெடுத்தாள்.

மார்பு தானே எழுந்தது. அடங்கியது. நெடுநேரம் கழித்து, உறைந்து கிடந்த இமைகளில் ஒன்று, பிறகு மற்றது, பாதி வரை திறந்தது.

இருட்டத் தொடங்கிய பின் முகமூடியை எடுத்தார்கள். சிவசைலம் தன் வீங்கிய கையைப் பார்த்தார். நாக்குத் தடிப்போடு வேல்விழியிடம் சொன்னார்: "முப்பது வருசமா ஊருக்கெல்லாம் நான் பிடிச்சு விடுதேன். எனக்கு அது பிடிச்சு விட்டுட்டுப் போயிட்டு."

வேல்விழி சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. குழல்வாய்மொழி சிரிக்கவில்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போய், துணிப்பையில் எஞ்சிய மருந்தை எண்ணினாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். மருந்து இருந்த தட்டில் தயிர்க் கிண்ணமும், தோசை மாவும், யாருடைய பிள்ளைக்கோ வாங்கிய பழச்சாறும் இருந்தன. ஆனியில் அவளே காலி செய்து கொடுத்த தட்டு.

பின்னால் வந்து நின்ற வேல்விழி, "இப்பந்தான் தயிரு வைக்க எடம் கெடைச்சுதுன்னு இருந்தோம்" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"எடுத்துரு, வேலு. எல்லாத்தையும் எடுத்துரு."

மருந்துப் பெட்டிகளை அடுக்கினாள். பாதி அடுக்கியவள் கையை நிறுத்தினாள். செங்கோட்டை. அங்கேயும் தட்டு காலிதான். அங்கே இன்று வயலிலோ, தோப்பிலோ, கிழங்குக் கொல்லையிலோ யாருடைய கால் எதன்மேல் படுகிறதோ? செங்கோட்டைக் கிளைக்கு அழைத்தாள். இப்போது இணைப்புக் கிடைத்தது. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஆள் இல்லாததால் எடுக்கவில்லையா, எடுக்க முடியாத நிலையில் ஆள் இருக்கிறாரா?

மீதிப் பெட்டிகளைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதும் நினைவில் இல்லை. பரமசிவன் பணி முடிந்து பைக்கில் ஏறிக்கொண்டிருந்தான்.

"என்னைச் செங்கோட்டையில விட்டுருதியா, தம்பி? எவ்வளவு நேரம் ஆவும்?"

அவன் சாலையைப் பார்த்தான். இலஞ்சிப் பக்கம் பின்விளக்குகள் சிவப்பாக நெளிந்து போயின. ஊர்கின்றனவா நிற்கின்றனவா என்று தெரியவில்லை.

"இன்னைக்கா எக்கா? போனாத்தான் தெரியும்" என்றான்.

அவள் பின்னால் ஏறி அமர்ந்து, பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.